தாளத்துக்கு எத்தனை மதிப்பெண்?

நாம் குடியிருக்கும் எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கும் அதன் சோழர் காலக் கல்வெட்டுகளுக்கும் அப்பால் வெளியூர்க்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இங்கே அதிகம் இல்லை. ஆனால் கோடை பிறந்துவிட்டால் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில்கள் விழித்துக்கொள்ளும். பகலில் பாரதம் படிப்பு, இரவில் கூத்து. கூவாகமும் தொலைவில் இல்லை. பாரதக் கதை இந்தப் பக்கத்தில் ஏட்டில் கிடப்பதன்று. ஆண்டுதோறும் ஊரார் கண்முன் நடந்து முடிவது.

சென்ற கோடையில் அப்படியொரு சிற்றூரில் பதினெட்டாம் போர். களரிக்குப் பக்கவாட்டில், மிருதங்கக்காரருக்கு மிக அருகில் நமக்கு இடம் கிடைத்தது. துரியோதனனாகக் கட்டை கட்டியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. நள்ளிரவுக்கு மேல் வீமனோடு கதாயுதப் போர் தொடங்கியது. சுழன்று வந்து நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய கால் அரை நொடி தாமதித்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மிருதங்கக்காரர் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விழ வேண்டிய அடியை விழவிடாமல் ஒரு சிறு உருட்டில் நீட்டி, அந்தக் கால் மண்ணைத் தொட்ட கணத்தில் தொப்பியில் ஓங்கி அறைந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. தாமதமாக விழுந்த காலே அன்றைக்குச் சரியான தாளமாகிவிட்டது. ஒருவருக்கும் பிழை தெரியவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்ததால் நமக்குத் தெரிந்தது.

மறுநாள் பிற்பகல், சென்னையில் பொறியியல் படிக்கும் நம் தம்பி மகன் தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தான். முந்தின இரவுக் கூத்தில் பாதியில் தூங்கிப்போனவன். "பெரியப்பா, நேத்து சண்டையில அடி ஒவ்வொண்ணும் மத்தளத்தோட விழுந்துச்சுல்ல, அது மாதிரியே ஒரு கேம் இருக்கு" என்றான். நம்மை வற்புறுத்தி விளையாடவும் வைத்தான். விரல்கள் தடுமாறின. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தப்பா அழுத்துனாலும் பரவால்ல. அடி சரியாத்தான் விழும்."

முந்தின இரவு கண்ட மிருதங்கம் நினைவுக்கு வராதிருக்குமா? அந்த விளையாட்டின் பெயர் ஹை-ஃபை ரஷ். அதைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த மதிப்புரைகளைப் பிறகு வாரக்கணக்கில் தேடித் தேடிப் படித்தோம். இக்கட்டுரை அந்த மதிப்புரைகளைப் பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் வீடியோ கேம் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நாமும் சுளித்தவர்தாம்.

முதலில் விளையாட்டு. ஜப்பானில் ஷின்ஜி மிகாமி 2010இல் தொடங்கிய டாங்கோ கேம்வொர்க்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. அதுவரை அவர்கள் பேயும் குருதியுமான திகில் விளையாட்டுகளுக்கே பெயர் போனவர்கள். இதை இயக்கியவர் ஜான் ஜொஹானஸ். 2023 சனவரி 25 அன்று, முன்னறிவிப்பு ஏதுமின்றி, அறிவித்த அன்றே வெளியிட்டார்கள். கதை எளிது. ராக் இசை நட்சத்திரமாகக் கனவு காணும் ஓர் அசட்டு இளைஞன், செயற்கைக் கை பொருத்திக்கொள்ள ஒரு பெரு நிறுவனத்துக்குப் போகிறான். தவறுதலாக ஒரு பாட்டுப் பெட்டி அவன் மார்புக்குள் பதிந்துவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அவனுக்கு உலகம் முழுவதும் தாளத்தில் இயங்குகிறது. (நாயகன் பெயர் சாய், அதாவது தேநீர். பெப்பர்மிண்ட், மக்கரோன் என்று உடன் வருபவர்களுக்கும் தின்பண்டப் பெயர்கள்தாம். நம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இதிலேயே பாதி மகிழ்ச்சி.)

தாளத்தில் இயங்குகிறது என்பது உவமையன்று. திரையிலுள்ள மரங்கள் தாளத்துக்கு அசைகின்றன, குழாய்கள் தாளத்துக்கு ஆவி விடுகின்றன, மின்தூக்கி தாளத்துக்கு ஏறி இறங்குகிறது, எதிரிகள் தாளத்துக்கே காலெடுத்து வைக்கிறார்கள். சாயின் சிறிய அடிக்கு ஓர் எண்ணிக்கை, பெரிய அடிக்கு இரண்டு. ஆடுபவர் விசையை எப்போது அழுத்தினாலும், அந்த அடி எதிரியின் மேல் இறங்குவது தாளத்தின் மேல்தான். முந்தி அழுத்தினால் கை சற்று மெல்ல வீசுகிறது, பிந்தினால் விரைந்து வீசுகிறது. தாளத்தோடு ஒட்டி அழுத்தினால் அடியின் வலிமை கூடும், புள்ளிகள் சேரும். ஒட்டாவிட்டால் தண்டனை இல்லை. அவ்வளவுதான் இயக்கம். இதன் மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது.

மதிப்புரைகள் ஏறக்குறைய ஒருமித்துப் புகழ்ந்தன. வண்ணம் புகழப்பட்டது, நகைச்சுவை புகழப்பட்டது, அசைவூட்டம் மிகவும் புகழப்பட்டது. இந்தத் தாள இயக்கத்தைப் பற்றி நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவை சொன்னது ஒன்றே: தாள உணர்வு இல்லாதவர்களும் ஆடலாம், விளையாட்டு அவர்களை மன்னித்துவிடுகிறது. 'மன்னிக்கும் தன்மை' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எளிமை, கடினம் என்ற அளவுகோலில் எளிமையின் பக்கம் ஒரு புள்ளியாக அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

நமக்கு அந்த இடத்தில்தான் மனம் நின்றுவிட்டது. மன்னிப்பது யார்? எதை? முந்தின இரவில் மிருதங்கக்காரர் துரியோதனனை மன்னித்தாரா? நிச்சயமாக இல்லை. அவர் தம் தொழிலைச் செய்தார். அந்தத் தொழிலுக்குத் தமிழில் பெயர் உண்டு, இலக்கணமும் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்துகிற எவருக்கும் இது தெரியும். மாதவி மேடையேறும் முன்பு இளங்கோ ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதியைச் சொல்லிக்கொண்டு போகிறார். தண்ணுமை ஆசிரியனிடம் வரும்போது அவன் வேகத்தையோ விரலின் வலிமையையோ முதன்மைப்படுத்தவில்லை. யாழும் குழலும் மிடறும் எப்படிப் போகின்றன என்று கேட்டு, அவை குறையும் இடத்தில் தான் நிறைத்தும், மிகும் இடத்தில் தான் அடக்கியும், இரண்டும் வெளியே துருத்தித் தெரியாதபடி வாசிக்க வல்லவனே ஆசிரியன் என்கிறார். ஆக்கல், அடக்கல் என்று அதற்குத் தனிச் சொற்களே இருக்கின்றன. அடியார்க்கு நல்லாரின் உரையோடு 1892இல் உ.வே.சா. பதிப்பித்துத் தந்த நூலில் இவையெல்லாம் நமக்குக் கிடைத்து நூறாண்டுக்கு மேலாகிறது.

நாம் இதைச் சொல்வது 'எல்லாம் எம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்டுவதற்காக அன்று. அந்த நோய் நமக்குப் போதுமான அளவு இருக்கிறது. டாங்கோவில் அமர்ந்து நிரல் எழுதியவர்கள் சிலம்பைப் படித்திருக்கப் போவதில்லை, படிக்க வேண்டியதுமில்லை. நாம் சொல்ல வருவது வேறு. ஒரு கலைப்பொருள் என்ன செய்கிறது என்று சொல்ல விமரிசகனுக்குச் சொல் வேண்டும். சொல் இல்லாதபோது அவன் பக்கத்திலிருக்கும் ஏதோ ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறான். ஹை-ஃபை ரஷ் பக்கவாத்தியத்தின் கலையை ஓர் இயந்திரத்துக்குள் கொண்டுவந்த விளையாட்டு. ஆடுபவரின் குறையை நிறைத்து, அது நிறைக்கப்பட்டது என்று அவருக்கே தெரியாமல் செய்வது அதன் சாதனை. அதை 'எளிது' என்று எழுதுவது, 'நேற்றிரவு துரியோதனனுக்குத் தாளம் எளிதாக இருந்தது' என்று எழுதுவதற்கு ஒப்பானது.

இப்படியொரு தாள இயக்கம் இதற்கு முன்பும் இருந்திருக்கிறது. 2001இல் தெத்சுயா மிசுகுச்சி உருவாக்கிய ரெஸ் என்ற விளையாட்டில் துப்பாக்கிக் குண்டு ஒவ்வொன்றும் ஓர் ஒலி. ஆடுபவர் எப்போது சுட்டாலும் ஒலி தாளத்துக்குள் நகர்ந்து வந்து உட்காரும். ஓவியர் காண்டின்ஸ்கியிடமிருந்து தூண்டுதல் பெற்றதாக அதை உருவாக்கியவர்களே குறிப்பிட்டார்கள். வெளிவந்தபோது விற்கவில்லை. பின்னர் மெல்ல மெல்லப் புகழ் ஏறி, 2008லும் 2016லும் மறுவெளியீடு கண்டு, இன்று செவ்வியல் படைப்பாகப் பேசப்படுகிறது. தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. ஐந்நூறு படி அச்சிட்டு முந்நூறு பரணில் கிடந்த நூல்கள் நம்மிடம் எத்தனை!

இதற்கு நேர் எதிரான இன்னொரு விளையாட்டு 2009 அக்டோபரில் வந்த ப்ரூட்டல் லெஜண்ட். டிம் ஷாஃபர் உருவாக்கியது. ஹெவி மெட்டல் என்னும் இரைச்சல் மிகுந்த ராக் இசையின் உறைப் படங்களையே ஓர் உலகமாக விரித்துவைத்த விளையாட்டு. அதன் நாயகன் எட்டி ரிக்ஸ் பாடகனுமல்லன், வாத்தியக்காரனுமல்லன். மேடைச் சாமான்களை ஏற்றி இறக்குபவன். நம் கூத்து மொழியில் சொன்னால் பெட்டி சுமக்கும் ஆள். கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் ஜாக் பிளாக். ஆஸி ஆஸ்போர்ன், லெம்மி, ராப் ஹால்ஃபோர்ட் முதலிய மெய்யான இசைக்கலைஞர்களும் அதில் பேசினார்கள். பெட்டி சுமப்பவனை நாயகனாக்கிய அந்த எண்ணத்துக்காகவே நாம் ஷாஃபருக்கு வணக்கம் சொல்வோம்.

இந்த விளையாட்டுக்கு நேர்ந்த வரவேற்பைப் படித்தால் விமரிசனம் என்பது எவ்வளவு தூரம் எதிர்பார்ப்பின் அடிமை என்று தெரிகிறது. வெளிவருவதற்கு முன்பே பெரும் விளம்பரம். பதிப்பாளர் மாறியது, பழைய பதிப்பாளர் வழக்குத் தொடுத்தது என்று செய்திகள் வேறு. முன்னோட்டமாகக் கொடுத்த பகுதியில் கோடரியும் கிதாரும் கொண்டு எதிரிகளை வெட்டி வீழ்த்தும் நேரடிச் சண்டை மட்டுமே இருந்தது. முழு விளையாட்டு கைக்கு வந்தபோதுதான், அதன் முதன்மையான போர்கள் படை திரட்டி, ஆணையிட்டு, மேலே பறந்தபடி களத்தை நடத்தும் உத்தி விளையாட்டு என்று தெரிந்தது. உலகத்தையும் இசையையும் நகைச்சுவையையும் புகழ்ந்த மதிப்புரையாளர்கள், அந்தப் போர்க்களப் பகுதியைக் குறை சொன்னார்கள். கட்டுப்பாடுகள் அதற்கேற்ப அமையவில்லை என்பது நியாயமான குறை. ஆனால் அவர்கள் குரலில் 'எமக்கு இதைச் சொல்லவில்லையே' என்ற ஏமாற்றமும் கலந்திருந்தது. நாவல் என்று வாங்கியது பாதியில் நாடகமாகிவிட்டதே என்று வாசகன் கோபித்துக்கொள்வது போல.

ஹை-ஃபை ரஷ்ஷுக்கு இந்தச் சங்கடமே இல்லை. யாரும் எதையும் எதிர்பார்க்க நேரமில்லை. அறிவித்த அன்றே கையில் இருந்தது. அதன் மேல் பொழிந்த அன்பில் ஒரு பங்கு இந்த இன்ப அதிர்ச்சிக்கு உரியது என்றே கருதுகிறோம். விளம்பரம் செய்யாமல் வந்ததால் நல்ல பெயர் எடுத்ததா, விளம்பரம் செய்து வந்திருந்தால் இதே பெயர் எடுத்திருக்குமா? கேள்வியாகவே விட்டுவிடுகிறோம்.

மதிப்பெண் விவகாரத்துக்கு வருவோம். இந்தத் துறையில் மதிப்புரையின் முடிவில் ஓர் எண் போடுவது வழக்கம். ஜப்பானின் ஃபாமித்சு இதழில் நான்கு பேர் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பெண் இட்டு நாற்பதுக்குக் கூட்டிச் சொல்வார்கள். மெட்டாகிரிட்டிக் என்ற தளம் 2001 முதல் எல்லா இதழ்களின் எண்களையும் கூட்டி, எடைபோட்டு, நூற்றுக்கு ஒரே எண்ணாகக் காய்ச்சித் தருகிறது. இதில் ஒரு துயரக் கதை உண்டு. 2010இல் வெளிவந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, அந்தத் தளத்தில் 85 எட்டினால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். எட்டியது 84. ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. அந்நிறுவனத்தைச் சேர்ந்தவரே 2012இல் இதை வெளியே சொன்னார்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒவ்வோராண்டும் அமர்கிற நமக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. மதிய உணவுக்கு முன் திருத்திய கட்டுக்கும் பின் திருத்திய கட்டுக்கும் இடையே எத்தனை 'ஒன்று'கள் தொலைந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளைப் பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்கு, ஒரு மாணவி தன் பாட்டனார் பம்பை அடிப்பதை வைத்து விடை எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் பம்பை இல்லை. அன்று நாம் எத்தனை போட்டோம் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஹை-ஃபை ரஷ்ஷே ஆடுபவருக்கு மதிப்பெண் போடுகிறது. ஒவ்வொரு சண்டை முடிவிலும் எடுத்த புள்ளி, எடுத்துக்கொண்ட நேரம், தாளத்தோடு ஒட்டிய விழுக்காடு என்று மூன்று கணக்கு. இவற்றைக் கூட்டி ஆங்கில எழுத்தில் ஒரு தரம். சண்டை நடக்கும்போது நம்மைத் தாங்கிப் பிடித்த அதே பக்கவாத்தியக்காரர், முடிந்தவுடன் 'உனக்குத் தாளம் ஐம்பத்தாறு விழுக்காடு' என்று சீட்டு நீட்டுகிறார். நமக்கு வந்தது அதைவிடக் குறைவு.

தமிழில் விமரிசனம் இந்தச் சண்டையைப் போட்டு முடித்துவிட்டது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். க.நா.சு. தம் ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி, ஒரு படைப்பு எப்படி இயங்குகிறது என்று பிரித்து அலசிக் காட்ட வேண்டும் என்றார். இருவரில் யார் பெரியவர் என்ற வாதம் இன்றைக்கும் தேநீர்க் கடைகளில் நடக்கிறது. நமக்கு எப்போதும் க.நா.சு.வின் பக்கமே சாய்வு. ஆனால் இந்த விளையாட்டு மதிப்புரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது செல்லப்பாவை நினைத்து ஏங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலில் எந்த இடம் என்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். அந்தக் கை ஏன் சற்று மெல்ல வீசியது என்று கேட்கத்தான் ஆளில்லை.

இந்த ஆளின்மை தமிழர் படைப்புக்கே நேர்ந்ததையும் சொல்லவேண்டும். கனடாவின் டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 சூலை 31இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. இது சண்டை விளையாட்டு அன்று, சமையல். 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். தாயிடமிருந்து வந்த சமையற்குறிப்பு நூல் கிழிந்து, எழுத்தழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஓடும். அந்தப் பாட்டுகள் இந்த விளையாட்டுக்காகவே இயற்றப்பட்டவை. ஆனால் ஒவ்வொன்றும் தமிழ்த் திரையிசையின் ஒரு காலத்தை நினைவூட்டும்படி அமைந்தது. கதையில் ஆண்டுகள் ஓடுவதை நாட்காட்டியைவிட அந்த வானொலியே நமக்கு முதலில் சொல்லிவிடுகிறது.

'வெண்பா' நன்றாகவே வரவேற்கப்பட்டது. ஆங்கில மதிப்புரைகள் உணவைப் புகழ்ந்தன, தாய் மகன் உறவில் நெகிழ்ந்தன, இசையை இனிமையானது என்று சொல்லிச் சென்றன. குறை சொன்னவர்கள் பலரும் சொன்ன குறை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. வெண்பா என்று பெயர் வைத்திருப்பவரிடம் ஏன் நீளமில்லை என்று கேட்பதை நினைத்து நாம் வாய்விட்டுச் சிரித்தோம். குறள் வெண்பா இரண்டடிதானே! மௌனி எழுதியவை இருபத்துநான்கு கதைகள் என்பார்கள். அவரிடம் போய்ப் பக்கக் கணக்குக் கேட்பார் உண்டா?

அந்த மதிப்புரையாளர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. வானொலிப் பாட்டில் ஒரு தாளக்கட்டு மாறினால் பத்தாண்டு கடந்துவிட்டது என்று ஓர் அமெரிக்கர் எப்படி அறிவார்? அறிய வேண்டியவர்கள் நாம், எழுத வேண்டியவர்களும் நாம். நாம் வாங்கிப் படிக்கும் சிற்றிதழ்களில் 'வெண்பா'வைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரையைக்கூட நாம் கண்டதில்லை. புலம்பெயர் இலக்கியம் என்று கருத்தரங்கம் நடத்துகிறோம். அதற்குத் தலைப்புத் தேடி அலைகிறோம்.

2024 ஏப்ரல் 11 அன்று இலண்டனில் பாஃப்டா விளையாட்டு விருது விழா. 'வெண்பா' சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதைப் பெற்றது. அதே மேடையில் ஹை-ஃபை ரஷ் அசைவூட்டத்துக்கான விருதைப் பெற்றது. அதற்கு முந்தைய டிசம்பரில் ஒலி வடிவமைப்புக்காகவும் அதற்கொரு பெரிய விருது கிடைத்திருந்தது. இருபத்தாறு நாள் கழித்து, மே 7 அன்று, டாங்கோ கேம்வொர்க்ஸை மூடப்போவதாக அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நூற்றுக்கு எத்தனை வாங்கினாலும் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவர்களிடம் அது வேறு கணக்கு. அவ்வாண்டு ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் டாங்கோவையும் ஹை-ஃபை ரஷ் உரிமையையும் எடுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சிப் பேருந்தில் நம் மாணவர்கள் காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு சுட்டுத்தள்ளும் பாட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவும் இதே கிராஃப்டானுடையதுதான். கல்வராயன் மலையிலிருந்து வரும் பையன் ஒருவன் இதைக் கேட்டு, "அப்ப நாங்க ஆடுற காசுலதான் ஐயா அவங்க பொழச்சாங்க" என்றான். பொருளாதாரத்தில் அது எவ்வளவு சரி என்று தெரியாவிட்டாலும் பெருமிதத்தில் குறையில்லை.

கூத்துக்கும் ஒரு காலத்தில் இதே நிலை இருந்தது. படித்தவர்களுக்கு அது இரவெல்லாம் கத்தும் கூச்சல். கூத்தைப் பற்றி இலக்கியவாதி எழுதுவது தகுதிக் குறைவு. ந. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான், சென்னையின் சிற்றிதழ் வாசகர்கள் அது தியேட்டர் என்று உணர்ந்தார்கள். 1977இல் கூத்துப்பட்டறை வந்தது. நம் ஊர்ப்பக்கத்து வாத்தியார்கள் அதற்கு முன்பும் ஆடினார்கள், பின்பும் ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சிற்றிதழ் சான்றிதழ் தேவைப்படவில்லை. ஆனால் நமக்குத் தேவைப்பட்டது. பார்த்ததைச் சொல்வதற்கு ஒரு மொழியை முத்துசாமி நமக்குக் கொடுத்தார். அந்த மொழி இல்லாதிருந்தால் அன்றைக்கு அந்த உருட்டை நாம் கேட்டிருப்போமா என்பதே ஐயம்.

இந்த எண்ணத்தோடு, அந்த மிருதங்கக்காரரையே ஒரு நாள் வீட்டுக்கு அழைத்தோம். பெயர் சொல்வதை அவர் விரும்பவில்லை. தேநீர் குடித்து முடித்ததும் தம்பி மகன் மடிக்கணினியைத் திறந்து ஒரு சண்டையை ஆடிக் காட்டினான். அவர் திரையைப் பார்க்கவில்லை. முதலில் அவன் விரலைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொடையில் அவர் கை தானாகத் தாளம் போட்டது.

"இவரு விரலு தள்ளி விழுது, சத்தம் சரியா விழுது. பொட்டி சமாளிச்சுக்குது" என்றார். ஒரு நிமிடத்தில் கண்டுகொண்டார்! நாம் சிலம்பையும் அடியார்க்கு நல்லாரையும் பற்றிச் சொன்னோம். மரியாதைக்குத் தலையாட்டினார்.

பையனுக்கு ஊக்கம் பிறந்தது. அடுத்த சண்டையைச் சிறப்பாக ஆடினான். அடிமேல் அடி தாளத்தோடு ஒட்டியது, உயர்ந்த தரமும் வந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாத்தான் ஆடுறீங்க தம்பி. ஆனா காலம் ஏறவே இல்லையே" என்றார் அவர்.

"புரியலீங்க ஐயா."

"நீங்க சூடு புடிச்சு ஆடும்போது நான் சும்மா இருக்க முடியுமா? ஒரு காலம் தூக்கிக் குடுப்பேன். நீங்க எட்டிப் புடிப்பீங்க. திரும்ப நான் தூக்குவேன். அப்புறம் ரெண்டு பேர்ல யாரு யார இழுக்குறாங்கன்னு சனத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதுல நீங்க எவ்வளவு ஆடினாலும் அது பாட்டுக்கு அதே நடையில போகுது."

உண்மைதான். பாட்டு முன்பே பதிவானது. அதன் வேகத்துக்குள் அடியை நகர்த்தலாம், பாட்டை நகர்த்த முடியாது. இயந்திரம் ஆடுபவரின் குறையை நிறைக்கிறது. அவர் தன்னை மீறிப் போகும்போது உடன் வர அதற்கு வழியில்லை. நாம் படித்த மதிப்புரை எதிலும் இந்தக் குறை சொல்லப்படவில்லை. பத்துக்கு எத்தனை குறைக்கலாம் என்று அவரிடம் கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை.

"அடுத்த வாட்டி செய்யும்போது பண்ணிருவாங்க" என்று பையனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். அன்றிரவு அவருக்குக் கர்ண மோட்சம். முழங்கால் வலிக்காரருக்கு அன்றைக்கும் கட்டை வேஷமா என்று கேட்டோம். ஆமாம், கர்ணன் அவர்தான் என்றார்.